அரண்மனையை விட்டு வந்த பண்டாரசுவாமி: அர்ச். அருளானந்தர் சரித்திரம்



பெப்ருவரி மாதம் 4-ந் தேதி வேதசாட்சியாகிய அர்ச். அருளானந்தருடைய திருநாள். மதுரை மிஷன் என்னும் மரத்தின் வேரில் தம் இரத்தத்தை வார்த்தவர் அவர். அவருடைய படம் நம்மில் பலருடைய வீட்டில் இருக்கிறது. அவருடைய பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டிருக்கிறோம். ஓரியூருக்குப் போய் நேர்ச்சை செலுத்தி வந்தவர்களும் நம்மிடையே உண்டு. ஆனாலும் அவர் தலை வெட்டுண்டு மரித்தார் என்பதற்கு மேல் அவருடைய சரித்திரம் நம்மில் அநேகருக்குத் தெரியாது. மரணம் ஒரு நாள் காரியம். அதற்கு முன் ஏறக்குறைய 46 வருஷம் அவர் வாழ்ந்திருக்கிறார். அந்த வருஷங்களை அறியாதவன் அந்த ஒரு நாளையும் சரியாக அறிந்தவன் ஆகமாட்டான்.

போடிமெட்டுச் சரிவில் வாழும் நமக்கு இந்தச் சரித்திரம் விசேஷமாக உரியது. அதிகாரமும் ஏழ்மையும் அடுத்தடுத்துக் குடியிருக்கும் இடம் இது. விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, நாலாயிரம் அடிக்கு மேலுள்ள தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள் நம் தாய்மாரும் சகோதரிகளும். அந்தத் தோட்டங்களை உடையவர்களும், மேற்பார்வை செய்கிறவர்களும், போடியில் ஏலக்காய் வாங்கி விற்கிறவர்களும் இதே ஊர்களில்தான் வசிக்கிறார்கள். காய்க்கு விலை ஏறினால் ஒரு வீட்டில் புது மாடி எழும்புகிறது; விலை இறங்கினால் இன்னொரு வீட்டில் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. ஒருவன் மற்றவனைக் கும்பிட்டு நிற்பதும், கும்பிடப்பட்டவன் வேறொருவனைக் கண்டு நடுங்குவதும் நாம் தினமும் பார்க்கிற காட்சி.

அதிகாரம் உள்ளவன் ஏன் பயப்படுகிறான்? ஒன்றுமில்லாதவனுக்குச் சில வேளைகளில் அவ்வளவு தைரியம் எங்கிருந்து வருகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் மனதில் வைத்துக்கொண்டு அர்ச்சியசிஷ்டவருடைய சரித்திரத்தைப் பார்ப்போம்.

அரண்மனைச் சிறுவன்

1647-ம் வருஷம் மார்ச் மாதம் 1-ந் தேதி போர்த்துக்கல் தேசத்தின் தலைநகரான லிஸ்பனில் அவர் பிறந்தார். ஜான் தெ பிரிட்டோ என்பது அவருடைய பெயர். குடும்பமோ உயர்ந்த பிரபுக்கள் குடும்பம். தகப்பனார் அரசருடைய நம்பிக்கைக்குப் பாத்திரமானவர். பிரேசில் தேசத்தில் ரியோ தெ ஜனைரோவின் கவர்னராக அனுப்பப்பட்டு, அங்கேயே இறந்துபோனார். விதவைத் தாய் பிள்ளைகளை வளர்த்தாள். சிறுவனான ஜான் அரண்மனையில் ராஜ குமாரருக்குத் தோழனாகச் சேர்க்கப்பட்டான். அந்த ராஜ குமாரருடைய பெயர் பேதுரு. ஜானைவிட ஒரு வயது இளையவர். பிற்காலத்தில் போர்த்துக்கல் தேசத்தின் அரசராகி, இரண்டாம் பேதுரு என்று அழைக்கப்பட்டவர் இவரே.

வருங்கால அரசனோடு விளையாடி வளர்கிற பிள்ளைக்கு உலகத்தில் என்னதான் கிடைக்காது? பதவி, நிலம், பட்டம் எல்லாம் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தன. அரண்மனைப் பிள்ளைகள் அந்த வயதிலேயே யாரை அண்டினால் எது கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கக் கற்றுக்கொள்ளுவது வழக்கம்.

ஏறத்தாழ 11 வயதில் ஜான் கொடிய வியாதியில் விழுந்தான். தாய் அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாரை நோக்கி வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் அவனுக்குச் சேசு சபையாருடைய அங்கியை உடுத்துவதாக நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தான். பட்டும் சரிகையும் மின்னுகிற அரண்மனையில் கறுப்பு அங்கி அணிந்த சிறுவன் ஒருவன் நடமாடினான். மற்றப் பிள்ளைகள் அவனுக்கு அப்போஸ்தலன் என்று பரிகாசப் பெயர் வைத்தார்கள். வருஷம் முடிந்ததும் அங்கியைக் கழற்றினான். ஆனால் அதை உடுத்தியிருந்தபோது உண்டான ஆசை நெஞ்சைவிட்டுக் கழலவில்லை. 1662-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17-ந் தேதி, 15 வயதில், சேசு சபையில் சேர்ந்தான்.

நேர்ச்சை செய்த தாய் இதை எதிர்பார்க்கவில்லை. மகன் குருப்பட்டம் பெற்று, இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று மேலதிகாரிகளைக் கெஞ்சியபோது, அவனைத் தடுத்துவிடப் பெரிய இடங்களில் எல்லாம் முறையிட்டாள். அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. சர்வேசுரனுக்கு ஒரு வருஷம் கொடுக்கலாம், முழு ஆயுளையும் கொடுக்கலாமா என்று கேட்பது மனித சுபாவம். நேர்ச்சை செய்யும்போது நாமும் அவளைப் போலத்தான் அளந்து செய்கிறோம். மகனோ அளவு பார்க்கவில்லை. 1673-ம் வருஷம் மார்ச் மாதம் கப்பலேறினார். ஏறத்தாழ ஆறு மாதக் கடற் பிரயாணத்திற்குப் பின் கோவாவுக்கு வந்து சேர்ந்தார்.

மலையைக் கடந்து வந்தவர்

மறு வருஷம், 1674-ல், மலையாளக் கரையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கால்நடையாகக் கடந்து தமிழ்நாட்டுக்குள் வந்தார். அவர் வந்தது நம்முடைய கணவாய் வழியாக அல்ல, இதற்கு வடக்கே. ஆயினும் மழையும், அட்டையும், குளிரும், காட்டு வழியும் எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

அக்காலத் தமிழ்நாட்டின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மதுரையில் நாயக்க அரசர்கள். அவர்களுக்குக் கீழே 72 பாளையங்கள். நம் போடிநாயக்கனூரும் அவற்றில் ஒன்றாக எண்ணப்பட்டது. செஞ்சி, தஞ்சை, மைசூர், மறவ நாடு என்று ஒருவரோடொருவர் ஓயாத யுத்தம். யுத்தம் வந்தால் வயல் எரியும். வயல் எரிந்தால் பஞ்சம் வரும். பஞ்சம் வந்தால் முதலில் சாகிறவன் ஏழை. ஒவ்வொரு பாளையக்காரனும் தனக்குக் கீழே உள்ளவனுக்கு எஜமான், மேலே உள்ளவனுக்கு அடிமை.

அந்நிய தேசத்து அரசருடைய பீரங்கியின் நிழலில் வேதம் போதித்தார்கள் என்று சிலர் சொல்லுவதுண்டு. மதுரை மிஷன் குருக்களுக்கு அப்படிப்பட்ட நிழல் கிடையாது. போர்த்துக்கல் அரசருடைய பலம் கடற்கரையோடு நின்றது. தூத்துக்குடியும் 1658-ல் டச்சுக்காரர் கைக்குப் போய்விட்டது. உள்நாட்டில் ஒரு குருவை யாராவது அடித்துப் போட்டால், ஏன் என்று கேட்க ஒரு சிப்பாய்கூட வரமாட்டான். ராஜ குமாரருடைய தோழன் இப்படிப்பட்ட இடத்தைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இங்கே அவர் அருளானந்தர் ஆனார். காவி வஸ்திரம் உடுத்தினார். மாமிசமும் மதுவும் விலக்கி, சோறும் கீரையும் காய்கறியும் மாத்திரம் உண்டார். தரையில் படுத்தார். தமிழ் கற்றார். ஓலைக் குடிசையே அவருக்குக் கோவிலும் வீடும். இந்த வேஷத்துக்குப் பண்டாரசுவாமி என்று பெயர்.

பண்டாரசுவாமி முறை எப்படி உண்டாயிற்று என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நோபிலி சுவாமியார் பிராமண சன்னியாசியின் வாழ்க்கையை மேற்கொண்டார். அதனால் மேல் சாதியார் அவரிடம் தடையின்றி வந்தார்கள். ஆனால் அந்த வேஷத்தில் இருக்கிறவர் தாழ்த்தப்பட்ட மக்களுடைய குடிசைக்குள் பகிரங்கமாகப் போக முடியாது. ஆகவே 1640 முதல் வேறு சில குருக்கள் பண்டாரசுவாமிகள் ஆனார்கள். இவர்கள் மற்ற சாதியாரோடு பழகலாம், தாழ்த்தப்பட்டவர்களையும் சந்திக்கலாம். மதிப்புக் குறைந்த இந்த வழியையே அருளானந்தர் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் ஒரே வேதத்தைப் போதிக்க இரண்டு விதமான குருக்கள் தேவைப்பட்டார்கள் என்பதே அக்காலத்துச் சாதியின் பலத்தைக் காட்டுகிறது. அர்ச்சியசிஷ்டவர்கள்கூட அந்தச் சுவரை இடிக்கவில்லை; சுவரின் இரண்டு பக்கமும் நடந்தார்கள். அவர்கள் அன்று இடிக்காமல் விட்ட சுவரை இன்று நாமும் விட்டுவைத்தால், அவர்களைக் காரணம் காட்டி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு இருந்த நெருக்கடி நமக்கு இல்லை.

செஞ்சிச் சீமையிலும் தஞ்சைச் சீமையிலும் அவர் ஊர் ஊராய் நடந்தார். பகலில் ஒளிந்தும், இரவில் ஆற்று மணலிலும் தோப்பிலும் மக்களைக் கூட்டியும் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுத்தார். அவருக்கு முன்னே உபதேசியார்கள் போவார்கள். குடும்பஸ்தர்களாகிய அந்தத் தமிழர்கள் மந்திரம் கற்பித்து, வியாதிக்காரரைச் சந்தித்து, ஞானஸ்நானத்துக்கு ஆட்களை ஆயத்தம் செய்து, அடி விழுந்தால் முதல் அடியை வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலாருடைய பெயர் எந்த பீடத்திலும் இல்லை. அவர்கள் இல்லாமல் மதுரை மிஷன் ஒரு நாளும் நடந்திராது.

முதல் சிறை

பிறகு அவர் மதுரை மிஷனுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். தலைவர் என்றால் பத்திரமான இடத்தில் அமர்ந்து கட்டளை எழுதுகிறவர் என்று நினைப்போம். அவரோ பல வருஷமாகக் குருக்கள் நுழைய முடியாதிருந்த மறவ நாட்டுக்குள் 1686-ம் வருஷம் தாமே போனார்.

மறவ நாட்டை அப்போது ஆண்டவர் இரகுநாத கிழவன் சேதுபதி. நம் படங்களிலும் நாடகங்களிலும் அவரை மீசை முறுக்கிய கொடுங்கோலராகக் காட்டுவது வழக்கம். சரித்திரத்தில் அவர் கெட்டிக்கார அரசர். தலைநகரைப் புகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றியவர். மதுரைக்கும் தஞ்சைக்கும் நடுவே தம் நாட்டைத் தலை தாழாமல் காத்தவர். 1710 வரை ஆண்டவர்.

ஜூலை மாதம் அருளானந்தரும் அவருடைய உபதேசியார்களும் சேதுபதியின் சேனைத் தலைவனிடம் அகப்பட்டார்கள். விலங்கிட்டார்கள். மரத்தில் கட்டிச் சாட்டையால் அடித்தார்கள். தண்ணீரில் அமிழ்த்தி மூச்சுத் திணற வைத்தார்கள். வெயிலில் கொதிக்கிற பாறையில் கிடத்தி மிதித்தார்கள். சிவன் பெயரைச் சொல்லிவிட்டால் விடுதலை என்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்ட நிலையில், சேதுபதி அவர்களைத் தம் முன்னே கொண்டுவரச் சொன்னார். பத்துக் கற்பனைகளை விளக்கும்படி கேட்டு, பொறுமையாகக் கேட்டார். அதில் குற்றம் ஒன்றும் காணாமல், இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று மாத்திரம் எச்சரித்து, எல்லாரையும் விடுவித்தார்.

இதை நன்றாக மனதில் வையுங்கள். ஒரு காலத்தில் நியாயம் கேட்டு, உண்மையைக் கண்டு, உயிரைக் கொடுத்த அதே அரசர்தான் ஆறரை வருஷத்துக்குப் பின் உயிரை எடுத்தார்.

மறுபடியும் அரண்மனை

விடுதலையானபின் சபை அதிகாரிகள் அவரை மிஷன் அலுவலாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1687-ல் லிஸ்பனில் இறங்கினார். விளையாட்டுத் தோழன் இப்போது சிம்மாசனத்தில் இருந்தார். தாய் உயிரோடு இருந்தாள். ஊரெல்லாம் அவரைக் காணத் திரண்டது. அரசர் அவரை விடுவதாயில்லை. தம் பிள்ளைக்குக் குருவாக அரண்மனையிலேயே இருக்கும்படி கேட்டுக்கொண்டார் என்று சரித்திரக்காரர் கூறுகிறார்கள்.

இந்தச் சோதனை சாட்டை அடியைவிடப் பெரியது. சாட்டையைத் தாங்குகிறவனுக்குத் தான் வேதத்துக்காகப் பாடுபடுகிறோம் என்பது தெரியும். பதவி வரும்போதோ அது புண்ணியத்தின் உடையில் வரும். அரசனைத் திருத்தலாம், பிள்ளையை நல்வழியில் வளர்க்கலாம், மிஷனுக்குப் பணம் வாங்கித் தரலாம் என்று எத்தனை நியாயம் சொல்லியிருக்கலாம்! அவரோ லிஸ்பன் மாளிகைகளின் நடுவிலும் தரையில் படுத்தார், மாமிசம் தொடவில்லை, தமிழ்நாட்டுச் சாப்பாட்டு முறையை விடவில்லை. காவி வஸ்திரம் இங்கே மக்களைக் கவருவதற்காகப் போட்ட வேஷம் மாத்திரமாய் இருந்தால், அங்கே அதைக் கழற்றிவைத்திருப்பார். யாரும் பார்க்காத இடத்திலும் ஏழையாகவே இருந்தார். 1690-ல் மீண்டும் கப்பலேறினார். தாயை அவர் அதன் பின் இவ்வுலகில் பார்க்கவில்லை.

தடியத் தேவரும் கடலாயியும்

திரும்பி வந்தவர் மறவ நாட்டு எல்லையில், காட்டோரத்தில், ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு தம் வேலையைத் தொடங்கினார். அப்போது தடியத் தேவர் என்ற மறவ நாட்டுப் பிரபு ஒருவர் கடும் வியாதியில் விழுந்தார். உபதேசியார் ஒருவர் வந்து சுவிசேஷம் வாசித்துச் செபித்தபின் அவர் சுகமடைந்தார். ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார். அவருக்குப் பல மனைவிகள் இருந்தார்கள். முதல் மனைவியை மாத்திரம் மனைவியாக வைத்துக்கொண்டு மற்றவர்களை விடவேண்டும் என்று அருளானந்தர் சொன்னார். பிரபு என்பதற்காகத் தளர்த்தவில்லை. கூலிக்காரனுக்குச் சொல்லுவதையே அவருக்கும் சொன்னார். தடியத் தேவர் சம்மதித்தார். 1693-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி. அவள் சேதுபதியின் சகோதரருடைய மகள். அழுதுகொண்டு சேதுபதியிடம் போய் முறையிட்டாள். அதிலிருந்து எழுந்த புயலில்தான் அருளானந்தர் உயிரிழந்தார்.

இந்த இடத்தில் நம் பிரசங்கங்கள் அவளை ஏரோதியாளோடு ஒப்பிடுவது வழக்கம். அர்ச். ஸ்நாபக அருளப்பரைப் போல இவரும் திருமண ஒழுக்கத்துக்காகத் தலை கொடுத்தார் என்பது சரியே. ஆனால் கடலாயியை ஏரோதியாள் என்று சொல்லுவது அவ்வளவு நியாயமல்ல. ஏரோதியாள் தெரிந்தே முறை தவறினவள். இவளோ பெற்றோர் பார்த்துக் கொடுத்த இடத்துக்குப் போனவள். அவளுடைய நாட்டு வழக்கத்தில் அவள் செய்தது தவறு அல்ல. ஒரு நாள் காலையில், தான் கேட்காத ஒரு வேதத்தின் பெயரால், நீ மனைவி அல்ல என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. விலக்கப்பட்டவர்களுடைய ஜீவனத்துக்குத் தடியத் தேவர் வகை செய்வதாகச் சொன்னார் என்று சரித்திரம் கூறுகிறது. சோறு கிடைக்கலாம், மானம்? அருளானந்தர் கற்பித்தது உண்மை. அந்த உண்மையின் விலையில் ஒரு பங்கை அந்தப் பெண்ணும் கட்டினாள். அவள் மனம் புண்பட்டது அவளுடைய குற்றமல்ல. அந்தப் புண்ணை அதிகாரம் வாளாக மாற்றியதே குற்றம். வேதசாட்சியை வணங்கும்போது அவளுக்காகவும் ஒரு செபம் சொல்லுவது நமக்குத் தகும்.

அரசருடைய பயம்

ஜனவரி 8-ந் தேதி சேவகர்கள் அருளானந்தரைப் பிடித்தார்கள். கட்டி, குதிரைகளோடு ஓடவிட்டு, இராமநாதபுரத்துக்கு இழுத்துப் போனார்கள். தடியத் தேவர் அரசர் முன் போய் அவருக்காக வாதாடினார். பழைய மதத்துக்குத் திரும்பச் சொன்னபோது மறுத்தார்.

சேதுபதிக்கு அருளானந்தர் யார் என்று தெரியும். முன்பு அவருடைய போதனையைக் கேட்டுக் குற்றமில்லை என்று விட்டவர் அவரே. பின் ஏன் இப்போது? குடும்பத்துக்குள் கலகம் வந்துவிட்டது. பெண்ணின் அழுகை ஒரு பக்கம், கோபங்கொண்ட உறவினர் ஒரு பக்கம். ஒரு பிரபுவே வேதத்தில் சேர்ந்துவிட்டால் நாளைக்கு மற்றவர்களும் சேருவார்கள்; யார் யாருக்கு விசுவாசமாயிருப்பார்கள் என்ற கணக்கு மாறிவிடும். பட்டத்துக்குப் போட்டி ஓயாத நாட்டில் அரசனுக்கு இது சின்ன விஷயமல்ல. அவருடைய பயம் எவ்வளவு என்றால், தலைநகரில் வைத்துத் தண்டிக்கவே அவர் துணியவில்லை. நாடு கடத்துவதாக வெளியே சொல்லி, நாட்டின் வடகோடியில் ஓரியூரில் இருந்த தம் சகோதரர் உடையத் தேவரிடம் அனுப்பினார். கொன்றுவிடு என்ற உத்தரவு இரகசியமாகப் போயிற்று.

பார்த்தீர்களா? கோட்டையும் சேனையும் உள்ள அரசர் தாம் செய்வதைப் பகிரங்கமாகச் சொல்ல முடியவில்லை. கையில் விலங்கு பூட்டப்பட்டவரோ தாம் நினைப்பதை எல்லார் முன்னும் சொல்லுகிறார். அதிகாரம் எவ்வளவு பெரிதோ, அதை இழந்துவிடுவோம் என்ற பயமும் அவ்வளவு பெரிது. நியாயம் தெரியாததால் மனிதன் அநியாயம் செய்வது குறைவு. நியாயம் தெரிந்தும், நாற்காலியை விட முடியாததால் செய்வதே அதிகம்.

ஓரியூரில் இன்னும் விசித்திரம். உடையத் தேவர் நோயாளி. உயிரை எடுக்கும் அதிகாரம் பெற்றிருந்த அவர், தம்மைச் சுகப்படுத்தும்படி கைதியைக் கேட்டுக்கொண்டார் என்றும், சுகம் தருகிறவர் சர்வேசுரன் ஒருவரே என்று அருளானந்தர் மறுமொழி சொன்னார் என்றும் சரித்திரங்கள் கூறுகின்றன. சம்மதிப்பதாகப் பாசாங்கு செய்திருந்தால் நாலு நாள் உயிர் நீண்டிருக்கும். அதையும் அவர் செய்யவில்லை.

பெப்ருவரி 3-ந் தேதி சிறையில் கரியைத் தண்ணீரில் கரைத்து மையாக்கி, துரும்பினால் தம் சகோதரக் குருக்களுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். மறு நாள், 1693-ம் வருஷம் பெப்ருவரி 4-ந் தேதி புதன்கிழமை, அவ்வருஷத்து விபூதிப் புதன். பாம்பாற்றங்கரையில் ஒரு மேட்டுக்கு அவரைக் கொண்டுபோனார்கள். முழந்தாளிட்டுச் செபித்தார். வெட்ட வந்தவனைத் தழுவிக்கொண்டார். அவருடைய கழுத்தில் தொங்கிய அருளிக்கப் பேழையில் மந்திரம் இருக்கும் என்று அஞ்சி, கொலைஞன் அதைக் கையால் தொடாமல் வாளால் அறுத்தான். தலை விழுந்தது. கையும் காலும் வெட்டி, உடலைக் கழுமரத்தில் வைத்தார்கள். வாள் ஏந்தினவன் அஞ்சினான். கழுத்தை நீட்டினவர் அஞ்சவில்லை.

செய்தி லிஸ்பனுக்குப் போனபோது, துக்க உடை அணியாமல் விழா உடையில் தாய் நன்றிப் பூசைக்கு வந்தாள். ஒரு காலத்தில் மகனைக் கப்பலேறாமல் தடுக்கப் பார்த்தவள் இவளே. மனித சுபாவம் மாறாது என்கிறவர்களுக்கு இந்தத் தாயே பதில்.

1853-ல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பானவர் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 1947-ம் வருஷம் ஜூன் 22-ந் தேதி பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பானவர் அர்ச்சியசிஷ்ட பட்டமும் அளித்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இந்தியா சுதந்தரம் அடைந்தது. சில வருஷங்களுக்குள் ஜமீன்களும் ஒழிந்தன. 72 பாளையங்களின் அதிகாரம் இன்று பழைய கட்டடங்களில் மாத்திரம் தெரிகிறது. ஓரியூருக்கோ இன்றும் ஜனங்கள் நடக்கிறார்கள்.

நமக்குப் படிப்பினை

இந்தச் சரித்திரத்தைத் தப்பாகப் புரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அர்ச்சியசிஷ்டவர் ஏழையாக இருந்தார், ஆகையால் ஏழைகளே, நீங்களும் முறையிடாமல் ஏழைகளாகவே இருங்கள் என்று சொல்லுவது அந்த வழி. இப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அருளானந்தருடைய தரித்திரம் அவர் தாமே தெரிந்துகொண்டது. மழையில் நனைந்து காய் எடுத்து, கூலி குறைந்து, பிள்ளையின் படிப்பை நிறுத்துகிற தாயின் தரித்திரம் அவள் தெரிந்துகொண்டது அல்ல, அவள்மேல் வைக்கப்பட்டது. முதலாவது புண்ணியம், இரண்டாவது பல வேளைகளில் இன்னொருவருடைய பாவம். உரிய கூலியைப் பிடித்துவைப்பது சர்வேசுரனிடம் பழி முறையிடும் பாவங்களில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அதை அருளானந்தர் படத்தின் கீழ் மறைக்கவேண்டாம்.

அப்படியானால் அவர் யாருக்குப் படிப்பினை? முதலில், கொஞ்சமாவது அதிகாரம் உடைய எல்லாருக்கும். அதிகாரம் அரசனிடம் மாத்திரம் இல்லை. தோட்டத்தில் ஆள் பிரிக்கிற மேற்பார்வைக்காரரிடம் இருக்கிறது. எடை போடுகிறவர் கையில் இருக்கிறது. சங்கத்தின் தலைவரிடமும், பங்கின் காரியஸ்தரிடமும், குருவாகிய எங்களிடமும் இருக்கிறது. வீட்டில் கணவனிடம் இருக்கிறது. மருமகள் வந்தபின் மாமியாரிடம் இருக்கிறது. இதை விட்டுவிட நேர்ந்தால் என்னால் முடியுமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். முடியாது என்று மனம் சொன்னால், நாம் அதை ஆளவில்லை, அது நம்மை ஆளுகிறது. சேதுபதிக்கு நேர்ந்தது இதுவே.

அடுத்து, அதிகாரத்துக்கு அஞ்சி வாழ்கிறவர்களுக்கு. அருளானந்தருடைய தைரியம் உடல் பலத்தினாலோ வாய் சாமர்த்தியத்தினாலோ வந்தது அல்ல. அவரிடமிருந்து பறித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அவரே முன்னமே கொடுத்துவிட்டார். நமக்கோ குடும்பம் உண்டு, பிள்ளைகள் உண்டு; எல்லாவற்றையும் விட முடியாது. ஆனால் கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியும். கடன் வாங்கிக் கலியாணம் செய்யும் வீண் பெருமையை விட்டவன் வட்டிக்காரனுக்கு அவ்வளவு அஞ்சவேண்டியதில்லை. சாராயத்தை விட்டவன் முன்பணத்துக்காக மேற்பார்வைக்காரர் முன் தலை சொறியவேண்டியதில்லை. வேண்டாதவற்றை ஒருவன் எவ்வளவு விடுகிறானோ, அவ்வளவுக்கு நியாயம் பேச அவனுக்கு நாக்கு எழும்பும்.

ஏலக்காயை நாம் ஸ்டோரில் காயவைக்கிறோம். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ மிஞ்சும். போனது தண்ணீர், நின்றது வாசனை. சூட்டுக்கு அஞ்சிப் பச்சையாகவே வைத்தால் சில நாளில் அழுகிப்போகும். அருளானந்தருடைய வாழ்க்கையில் அரண்மனையும், பட்டமும், தாயின் மடியும், சொந்த தேசமும் ஒவ்வொன்றாய்ப் போயின. மிஞ்சியதுதான் 300 வருஷத்துக்கு மேலாகியும் இந்த நாட்டில் மணக்கிறது.

திருநாளன்று மெழுகுதிரி ஏற்றுவது நல்லது. அதற்கு முன், யாருக்காவது கொடுக்கவேண்டிய கூலி பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள். வீட்டிலோ வேலையிலோ உங்களுக்குக் கீழே உள்ள ஒருவரை அநியாயமாக அதட்டியிருந்தால் சமாதானமாகுங்கள். அடுத்த சாதிக்காரர் என்று இதுவரை வாசலோடு நிறுத்தியவர்களை அன்று உள்ளே அழைத்து, உங்களோடு உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். பண்டாரசுவாமிக்கு அதைவிடப் பிரியமான நேர்ச்சை வேறு இருக்காது.

அர்ச். அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.